காரின் முகமும் தெருவின் அகலமும்

புதிதாக ஒரு கார் வெளிவந்தால் அதன் தோற்றம் பற்றிய சண்டை அன்றைக்கே தொடங்கிவிடுகிறது. 2020இல் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் தன் 4 சீரிஸ் காரின் முன்பக்கக் கிரில்லை உயரமாக நிமிர்த்தி வைத்தபோது, முன்பல் துருத்திக்கொண்டிருக்கிறது என்று உலகமெங்கும் கேலி செய்தார்கள். 2024 நவம்பர் 26 அன்று சென்னையில் மகிந்திரா அறிமுகப்படுத்திய மின்கார், இன்று பி.இ. 6 என்ற பெயரில் விற்பது, நம் ஊரில் அதே வகைச் சண்டையைக் கொண்டுவந்தது. விண்கலம் போல் இருக்கிறது என்று வாங்கியவர்கள் உண்டு. பொம்மைக் கடையில் வைக்க வேண்டியது என்று ஒதுக்கியவர்களும் உண்டு. என் கண்ணுக்கு அதன் பின்புறம் நன்றாகவே இருக்கிறது, முன்புறத்தில்தான் கோபம் கொஞ்சம் கூடுதல்.

ஆனால் இந்தச் சண்டையில் பெரும்பாலும் பேசப்படாத ஒன்று அளவு. முகம் பிடிக்கவில்லை என்றால் பார்க்காமல் போய்விடலாம். அளவு அப்படியல்ல, காரே இல்லாதவரும் அதற்கு வழிவிட்டு ஒதுங்க வேண்டும். காரைக்கால் போன்ற ஊரில் நின்று பார்த்தால் இது உடனே விளங்கும்.

1739இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்து, 1954இல் இந்தியாவோடு சேர்ந்த ஊர் இது. சுற்றிலும் தமிழ்நாட்டு மாவட்டங்கள். சுமார் 160 சதுர கிலோமீட்டருக்குள் அடங்கிய புதுச்சேரியின் துண்டு. பழைய வீதிகளில் வீட்டுத் திண்ணையும் தெருவும் ஒட்டியே இருக்கும். இடையில் சாக்கடை மட்டும். அந்த வீடுகளைக் கட்டியவர்கள் வண்டியை வீட்டு வாசலில் இரவெல்லாம் நிறுத்திவைக்கும் காலத்தை நினைத்திருக்க மாட்டார்கள். மாங்கனித் திருவிழாவின்போது பிச்சாண்டவர் ஊர்வலம் போக, மாடிகளிலிருந்து மாம்பழம் வீசுவார்கள். அன்று ஒருநாள் தெரு தெருவாக இருக்கும். மற்ற நாட்களில் அது பாதி வண்டி நிறுத்துமிடம்.

கணக்கைப் பாருங்கள். 1983 டிசம்பரில் வந்த மாருதி 800இன் அகலம் 1,440 மி.மீ. பி.இ. 6இன் அகலம் 1,907 மி.மீ. ஒரு வண்டிக்கு ஏறத்தாழ அரை மீட்டர் கூடிவிட்டது. எதிரெதிரே இரண்டு வந்தால் 934 மி.மீ. போய்விடும். அதாவது ஒரு சைக்கிள் போகும் இடம் அப்படியே காணாமல் போகிறது. தெருவின் அகலமோ கூடவில்லை. மாடிப்படியையும் சாய்தளத்தையும் வெளியே நீட்டிக் கட்டியதில் பல இடங்களில் குறைந்தே இருக்கிறது.

நான்கு மீட்டர் விதி

இந்தியக் கார்களின் தோற்றத்தை மிக அதிகமாக மாற்றியது எந்த வடிவமைப்பாளரும் அல்ல, வரி. 2006ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் ப. சிதம்பரம் சிறிய கார்களுக்கான கலால் வரியை 24 விழுக்காட்டிலிருந்து 16 விழுக்காடாகக் குறைத்தார். சிறிய கார் என்றால் நீளம் 4,000 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது. பெட்ரோல் எஞ்சின் 1,200 சிசிக்கும் டீசல் எஞ்சின் 1,500 சிசிக்கும் மிகக்கூடாது. விளைவு சுவையானது. 2008இல் டாடா, இண்டிகோ காரின் டிக்கியை வெட்டி இண்டிகோ சி.எஸ். என்று விற்றது. 4,160 மி.மீ. இருந்த மாருதி டிசையர் 2012இல் 3,995 மி.மீ. ஆனது. பின்பக்கம் கத்தரித்த அந்தக் கார்களை விமர்சகர்கள் விடாமல் திட்டினார்கள். முன்புறம் ஒரு கார், நடுவில் ஒரு கார், பின்புறம் முடிக்க மறந்துபோன ஒரு கார் என்பது போன்ற தோற்றம்தான், மறுக்க முடியாது.

ஆயினும் தெருப் பக்கம் நின்று பார்த்தால் அந்த அசிங்கம் நமக்குச் செய்த நன்மை பெரிது. 4.3 மீட்டர் நீளமிருந்த அம்பாசிடரின் வேலையைக் குட்டையான வண்டிகள் செய்தன. 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வந்த ஹூண்டாய் சான்ட்ரோவும் இப்படித்தான். நெட்டையாக நிற்கிறதே என்று சிரித்தார்கள். உயரத்தைக் கூட்டியதால் சேலை கட்டியவரும் முழங்கால் வலிக்காரரும் குனியாமல் ஏறி உட்கார முடிந்தது; வண்டியும் விற்றுத் தள்ளியது. அதே 1998இல் இத்தாலியில் வந்த ஃபியட் மல்டிப்ளாவை உலகின் அவலட்சணமான கார் என்றார்கள். ஆனால் 3,994 மி.மீ.க்குள் ஆறு பேரை உட்காரவைத்த வண்டி அது (அகலத்தில் மட்டும் தாராளம்தான்). அசிங்கம் என்று பெயர் வாங்கிய வண்டிகளில் சில, இருக்கிற இடத்தை மிக நேர்மையாகப் பயன்படுத்தியவை.

இப்போது அந்த விதியின் பிடி தளர்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 விழுக்காடு, பெரியவற்றுக்கு 40 விழுக்காடு. வேறுபாடு இருக்கிறது, நல்லது. ஆனால் மின்கார்களுக்கு எந்த அளவானாலும் 5 விழுக்காடுதான். 4,371 மி.மீ. நீளமுள்ள வண்டிக்கும் குட்டி வண்டிக்கும் ஒரே சலுகை. அகலத்தைப் பற்றியும் பானெட்டின் உயரத்தைப் பற்றியும் விதி முன்பும் கேட்கவில்லை, இப்போதும் கேட்கவில்லை. அமெரிக்காவில் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டு நிறுவனம் 2023இல் வெளியிட்ட ஆய்வு, 40 அங்குலத்துக்கு மேல் பானெட் உயர்ந்த வண்டிகள் பாதசாரியின் மேல் மோதினால், தாழ்ந்து சரிந்த முகமுள்ள வண்டிகளைவிட உயிர்ச்சேதத்துக்கு 45 விழுக்காடு கூடுதல் வாய்ப்பு என்று கண்டது. காரின் 'முரட்டு முகம்' என்று விளம்பரம் பாராட்டுவது இந்த உயரத்தைத்தான்.

சங்கம் எதைக் கேட்கிறது?

அரசு கேட்காததைக் கேட்கக்கூடிய இடம் ஒன்று உண்டு: குடியிருப்போர் சங்கம். அடுக்குமாடிகளில் இது இப்போது விருப்பச் சங்கம் அல்ல. 2016ஆம் ஆண்டின் வீட்டுமனை ஒழுங்குமுறைச் சட்டப்படி, பெரும்பான்மையான வீடுகள் பதிவான மூன்று மாதத்துக்குள் சங்கம் அமையக் கட்டுநர் வழிசெய்ய வேண்டும். வீடு வாங்கியவரும் அதில் சேர வேண்டும். தண்ணீர், லிப்ட், கழிவுநீர் என்று தனி ஆளால் முடியாதவற்றைச் சங்கம் இல்லாமல் நடத்த இயலாது. தெருச் சங்கங்களின் பெருமையும் சிறியதல்ல. 1989இல் சென்னையில் தொடங்கிய எக்ஸ்னோரா, தெருத்தெருவாக மக்களைச் சேர்த்து மூன்று சக்கர வண்டியில் குப்பை எடுக்க வைத்தது. மாநகராட்சி செய்யாததை அண்டை வீட்டார் செய்து காட்டினார்கள்.

மறுபக்கமும் உண்டு. குஜராத்தில் பார்சிகளுக்கு மட்டுமே உறுப்பினர் இடம் தரும் ஒரு வீட்டுவசதிச் சங்கத்தின் துணைவிதியை உச்ச நீதிமன்றம் 2005இல் செல்லும் என்றது. யார் பக்கத்து வீட்டில் இருக்கலாம் என்பதைச் சங்கம் தீர்மானிக்கலாம் என்றால், சாதி ஊறிய நம் நாட்டில் அந்தக் கதவு எங்கே திறக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. வாடகைக்கு இருப்பவருக்கு வாக்கில்லை, வேலைக்கு வரும் அம்மாவுக்குத் தனி லிப்ட், திருமணமாகாதவருக்கு வீடில்லை என்பவையெல்லாம் நாம் கேட்டுப் பழகியவை. பால்கனியில் துணி காயப்போடக் கூடாது என்று தீர்மானம் போடும் சங்கம், கீழே நிற்கும் வண்டியின் அகலத்தைப் பற்றி வாய் திறப்பதில்லை.

இத்தனைக்கும் அதைக் கேட்க அதற்கு உரிமை உண்டு. மகாராஷ்டிரச் சட்டத்தின் கீழ் எழுந்த நஹல்சந்த் வழக்கில், தூண்களுக்கு இடையிலான வண்டி நிறுத்துமிடத்தைக் கட்டுநர் தனியாக விற்க முடியாது, அது பொது இடம் என்று 2010இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொது இடம் என்றால் அதைப் பங்கிடுவது சங்கத்தின் வேலை. தமிழ்நாட்டுக் கட்டட விதிப்படி ஒரு காருக்கான இடம் 2.5 மீட்டருக்கு 5 மீட்டர். 1,907 மி.மீ. வண்டியை நட்டநடுவில் நிறுத்தினாலும் பக்கத்துக்கு 30 சென்டிமீட்டர்கூட மிஞ்சாது. கதவைத் திறந்தால் அடுத்தவன் கோட்டுக்குள்தான் இறங்க வேண்டும். பங்கிடும்போது அளவுக்கேற்பக் கட்டணம் வைக்கலாம், இரண்டாவது காருக்குக் கூடுதலாக வாங்கலாம், கார் வைத்துக்கொள்ளாத வீட்டுக்குக் கழித்துக் கொடுக்கலாம். எழுதப் பத்து வரி போதும். எழுதினால் கூட்டத்தில் சண்டை வரும் என்பதுதான் தடை.

காரைக்காலில் நிலைமை வேறு. இங்கு பெரும்பாலும் தனி வீடுகள். புதிதாக மனை பிரித்த நகர்களில் நலச்சங்கம் என்று ஒன்று இருந்தாலும் சேருவது அவரவர் விருப்பம். அபராதம் போட அதிகாரமில்லை. மனு எழுதுவதுதான் அதன் முக்கிய வேலை. யாரிடம் கொடுப்பது என்பதுதான் சிக்கல். புதுச்சேரியில் 1968க்குப் பிறகு 38 ஆண்டுகள் கழித்து 2006இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. 2011இல் அந்தப் பதவிக்காலம் முடிந்தபின் மீண்டும் ஆண்டுக்கணக்கில் தேர்தல் இல்லை. வார்டு உறுப்பினர் இல்லாத ஊரில் நலச்சங்கத் தலைவர்தான் பாதி கவுன்சிலர். ஆனால் அவரைத் தேர்ந்தெடுத்தது தெருவில் சந்தா கட்டிய சிலர் மட்டும்.

இந்த நிலையில் தெருவுக்கு நேர்வது சாய்தளம். கார் உயர, கேட்டுத் தரையும் உயர, வாசலிலிருந்து சாலை வரை சாக்கடையை மூடி சிமென்ட் சரிவு போடுகிறார்கள். காவிரி கடலில் சேரும் தட்டையான நிலம் இது. தண்ணீர் தானாக ஓடாது, வழி விட்டால்தான் ஓடும். ஐப்பசி மழைக்கு முன்னால் தூர்வார வரும் ஊழியர், மூடியில்லாத அந்தச் சரிவுகளுக்குக் கீழே கம்பியை விட்டுக் குடைந்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகிறார். அடைப்பு உள்ளேயே இருக்கும். மழை வந்ததும் சாய்தளம் போட்ட வீட்டுக்குள் தண்ணீர் ஏறுவதில்லை, அதுதான் உயரமாயிற்றே. பழைய திண்ணை வீட்டுக்குள் போகிறது. தெரு விளக்குக்கு மனு எழுதும் நலச்சங்கம், கழற்றி எடுக்கக்கூடிய இரும்புக் கிராதிச் சரிவுதான் போட வேண்டும் என்று தன் உறுப்பினர்களிடமே முதலில் ஒரு தீர்மானம் வாங்கலாம். அதற்கு நகராட்சியின் அனுமதியும் வேண்டாம், தேர்தலும் வேண்டாம்.