நானூறு கிலோமீட்டரும் ஒரு நாய்க்குட்டியும்

ஓசூரிலிருந்து மதுரைக்கும் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கும் சாலைத் தூரம் ஏறக்குறைய ஒன்றுதான், 400 கிலோமீட்டர். இரண்டுமே இராப்பயணத்துக்குப் பழகிப்போன வழிகள். ஓசூரின் சிப்காட் தொழிற்பேட்டை ஆலைகளில் வேலை பார்க்கும் தென்மாவட்டத்துக்காரர்கள் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் கிருஷ்ணகிரி, தொப்பூர் கணவாய், சேலம், கரூர், திண்டுக்கல் என்று இறங்கி ஊர் போய்ச் சேர்கிறார்கள். கொழும்பு வெள்ளவத்தையில் ஏறிய யாழ்ப்பாணத்துக்காரர் வவுனியா, மாங்குளம், கிளிநொச்சி கடந்து ஆனையிறவைத் தாண்டுகிறார். இரண்டு வழிகளிலும் நாய்க்குட்டிகளும் பயணம் செய்கின்றன. ஒரே தூரம்தான் என்றாலும், அவை போகும் விதமும் வழியில் அவற்றுக்கு நேரக்கூடிய கெடுதலும் வேறு வேறு.

ஓசூருக்குக் குட்டி இரண்டு திசையிலிருந்து வருகிறது. வடக்கே பெங்களூரு, லாப்ரடார், பக், ஷிட்சூ போன்ற வெளிநாட்டு இனங்களுக்கு அங்கே போகிறார்கள். நாற்பது கிலோமீட்டர்தான், ஆனால் சந்தாபுரா, அத்திப்பள்ளி நெரிசலைத் தாண்டி ஜூஜூவாடிக்குள் நுழைவதற்குள் குட்டி இரண்டு முறை வாந்தி எடுத்துவிடும். தெற்கே ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை. 2005இல் அஞ்சல் துறை தபால்தலையில் ஏற்றிய நான்கு நாய் இனங்களில் ராஜபாளையமும் ஒன்று. சொந்த ஊர் நாயைத் தொழில்நகரத்து வாடகை வீட்டில் வளர்ப்பதில் தென்மாவட்டத்துக்காரருக்கு ஒரு பெருமை உண்டு. எந்தத் திசையானாலும் குட்டி பெரும்பாலும் காசு கொடுத்து வாங்கியது.

இலங்கையிலும் ஜெர்மன் ஷெப்பர்ட் விற்பவர்கள் உண்டு. ஆனால் அங்கே ஏராளமான வீடுகளில் வளர்வது ஊர்நாய்தான். அடுத்த வீட்டில் போட்ட குட்டி, கோயில் வீதியிலோ சந்தையடியிலோ யாரோ கொண்டுவந்து விட்ட குட்டி, இப்படித்தான் வந்து சேர்கிறது. விடப்படுபவற்றில் பெட்டைக் குட்டிகளே அதிகம். இந்த வழக்கத்தில் மட்டும் இரு நாடுகளுக்கும் வேறுபாடு இல்லை. தெருநாய்களைக் கொல்வதில்லை என்று 2006இல் இலங்கை அரசு கொள்கை முடிவு எடுத்தது. அடுத்த ஆண்டு ஒட்டாரா குணவர்தன தொடங்கிய எம்பார்க் அமைப்பு, தெருக்குட்டிக்கு வீடு தேடிக் கொடுப்பதை நகரத்து நாகரிகமாகவே ஆக்கியது.

வாங்கும் குட்டியையும் எடுத்து வளர்க்கும் குட்டியையும் பிரிப்பது விலை மட்டுமல்ல. பயணத்தின் முதல் கேள்வியான வயதும் இதில்தான் முடிவாகிறது.

இந்தியாவில் 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள் எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்கின்றன. சந்தையிலோ முப்பது, முப்பத்தைந்து நாள் குட்டிக்குத்தான் கிராக்கி. பார்க்க அழகு, கூடையில் அடங்கும். விற்பவருக்குத் தீனிச் செலவும் ஊசிச் செலவும் மிச்சம். தாயிடமிருந்து கிடைத்த நோய் எதிர்ப்பு குறையத் தொடங்குவதும், முதல் தடுப்பூசி போடும் ஆறு முதல் எட்டு வார வயதும் ஒன்றையொன்று ஒட்டி வருகின்றன. அதற்கு முன்பே குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து நெடுஞ்சாலையில் ஏற்றினால் அது வெறுங்கையோடு போருக்குப் போவது மாதிரிதான். இலங்கையில் தெருவிலிருந்து எடுத்து வளர்க்கும் குட்டியின் வயதே தெரியாது. தாயையும் தெரியாது, ஊசி போட்டதா என்பதும் தெரியாது. இங்கே விற்பவர் சொல்லும் கணக்கை நம்ப முடிவதில்லை. அங்கே கணக்குச் சொல்லவே ஆள் இல்லை.

அடுத்தது, குட்டியோடு யார் போகிறார்கள் என்பது. ஓசூர்ப் பக்கத்தில் விற்பவர்கள் எளிதாகச் சொல்லும் சொல், 'பஸ்ல போட்டு விடறேன் சார்'. அட்டைப்பெட்டியில் நாலு ஓட்டை போட்டு, ஆம்னி பஸ் டிரைவரிடம் ஒரு தொகையைக் கொடுத்தால் விடிகாலை பேருந்து நிலையத்தில் போய் எடுத்துக்கொள்ளலாம். ஷிப்ட் வேலையில் லீவு கிடைக்காதவருக்கு இது வசதிதான். ஆனால் நாய்களைக் கொண்டுசெல்வதற்கு 1978ஆம் ஆண்டின் விலங்குப் போக்குவரத்து விதிகள் கேட்பதே வேறு: பயணத்துக்குத் தகுதி என்று கால்நடை மருத்துவர் தந்த சான்று, புறப்படுவதற்கு இரண்டு மணி நேரத்துக்கு முன்பே தீனியும் தண்ணீரும், வழியில் கோடையில் நாலு மணிக்கொரு முறை, குளிரில் ஆறு மணிக்கொரு முறை தண்ணீர், குட்டியாக இருந்தால் நாலு மணிக்கொரு முறை தீனி. சின்ன உடம்பில் சர்க்கரை இருப்பு குறைவு, நெடுநேரம் பட்டினி கிடந்தால் குட்டி துவண்டு விழும். டிக்கியில் கிடக்கும் பெட்டிக்கு நள்ளிரவில் கரூரில் யார் எழுந்து பால் ஊற்றுவார்கள்?

ரயில் இன்னும் கெடுபிடி. முதல்வகுப்பு ஏசியில் கூபேயையோ கேபினையோ முழுதாக எடுத்தால் நாயை உடன் வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் கார்டு பெட்டியிலுள்ள நாய்க்கூண்டு. ஓசூர் வழியே தூத்துக்குடிக்கும் நாகர்கோவிலுக்கும் ரயில்கள் இருந்தும், குட்டி வாங்குபவர் பஸ்ஸையும் காரையும் நாடுவது இதனால்தான்.

இலங்கையில் சட்டம் மிகப் பழையது. மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1907இல் வந்தது, அதிகபட்ச அபராதம் 100 ரூபாய். இந்தியா அதைப் பார்த்துச் சிரிக்க வழியில்லை. 1960ஆம் ஆண்டின் சட்டப்படி விலங்கை வதைத்துக் கொண்டுசெல்பவருக்கு முதல் குற்றத்துக்கு 10 முதல் 50 ரூபாய்தான். சட்டம் குறைவாகச் சொல்லும் இலங்கையில் வழக்கம்தான் காரியத்தைச் செய்கிறது. குட்டி இலவசமாக வருவதால் அதை அனுப்பிவைக்கும் வியாபாரி நடுவில் இல்லை. கொழும்பில் எடுத்த குட்டி, யாழ்ப்பாணம் போகும் யாராவது ஒருவரின் மடியில், வாடகை வானிலோ சொந்தக் காரிலோ போகிறது. மடியில் இருக்கும் குட்டி நடுங்கினால் தெரியும், மூச்சிரைத்தால் தெரியும். மிச்ச வழியை ஓட்டோ பார்த்துக்கொள்ளும். இது இலங்கையருக்குக் கூடுதல் இரக்கம் இருப்பதால் அல்ல. நடுவில் வியாபாரம் இல்லாததால் மட்டுமே. கொழும்பில் விலை கொடுத்து வாங்கும் இனக்குட்டிக்கு இந்தப் பாதுகாப்பு தானாக வந்துவிடாது.

நோயிலும் இரண்டு வழிகளின் அச்சம் வேறு வேறு. ஓசூர்க் குட்டிக்குப் பெரிய பகை பார்வோ வைரஸ். பல ஈற்றுக் குட்டிகளை ஒரே இடத்தில் அடைத்து வைக்கும் வளர்ப்பகத்தில் அது வேகமாகப் பரவும்; மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தொற்றிய மூன்று முதல் ஏழு நாளில்தான் வாந்தியும் இரத்தக் கழிச்சலும் தொடங்கும் என்பதால், வாங்கும்போது துள்ளிய குட்டி வீட்டுக்கு வந்தபின் படுத்துவிடுகிறது. வீட்டில் உள்ளவர்கள் பயணக் களைப்பு என்று இரண்டு நாள் பார்க்கிறார்கள். அந்த இரண்டு நாளில்தான் பல குட்டிகள் கைவிட்டுப் போகின்றன. சுங்கச்சாவடியிலோ தாபா வாசலிலோ குட்டியைத் தரையில் இறக்கிவிடுவதும் இதே காரணத்தால் ஆபத்து. பல ஊர் நாய்கள் கழிந்த மண் அது.

இலங்கைக் குட்டி விஷயத்தில் முதல் அச்சம் மனிதருக்கு. 1973இல் அங்கே விசர்நாய்க்கடியால் (ரேபிஸ்) 377 பேர் இறந்தார்கள். இலவசத் தடுப்பூசி முகாம்களும், கடிபட்டவருக்கு அரச மருத்துவமனையில் கிடைக்கும் ஊசியும் அந்த எண்ணிக்கையைச் சில பத்துகளுக்கு இறக்கின. ஆனாலும் வரலாறு தெரியாத தெருக்குட்டியின் பால்பல் கீறலைக் 'குட்டிதானே' என்று விடக் கூடாது. சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் நீரில் கழுவி, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கடித்த நாயை இந்தியாவில் பத்து நாள் கண்காணிக்கச் சொல்கிறார்கள், இலங்கையில் பதினான்கு நாள். நாய்களை உள்ளூராட்சி மன்றத்தில் பதிய வேண்டும் என்று அங்கே 1901லிருந்தே சட்டம் இருப்பதற்கும் இந்த நோயே முக்கியக் காரணம்.

ஓசூருக்கு மட்டும் உரிய ஒன்று குளிர். கடல்மட்டத்திலிருந்து மூவாயிரம் அடியை நெருங்கும் ஊர் இது. ராஜபாளையத்து வெயிலில் பிறந்த குட்டி மார்கழி விடியலில் இங்கே இறங்கினால், முதல் வாரம் சாக்கும் போர்வையும் இல்லாமல் தாங்காது. யாழ்ப்பாண வழியில் சிக்கல் நேர் எதிர்; நிறுத்திய வானுக்குள் கண்ணாடி ஏற்றிய பத்து நிமிட வெயிலே குட்டிக்குப் போதும்.

கடைசியாக, வந்து சேரும் நாள். ஊருக்குப் போனவர்கள் பொங்கல் லீவு முடியும் அன்று, கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியில் வண்டிகள் வரிசைகட்டி நிற்கும் இரவில், குட்டியோடு திரும்புகிறார்கள். மறுநாள் காலை ஷிப்ட். புது வீட்டில், பூட்டிய அறையில், எட்டு மணி நேரம் குட்டி தனியே கிடக்கிறது. யாழ்ப்பாணத்து வீட்டில் அம்மம்மாவாவது இருப்பார். ஓசூர் வாடகை வீட்டில் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள்.

ஆகவே இரண்டு நாடுகளும் ஒன்றிடமிருந்து ஒன்று எடுத்துக்கொள்ள வேண்டியது உண்டு. எட்டு வாரக் கணக்கையும், புறப்படுமுன் மருத்துவரிடம் காட்டும் பழக்கத்தையும் இலங்கையர் இந்திய விதியிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். ஆள் போய் மடியில் வைத்துக் கொண்டுவரும் வழக்கத்தை ஓசூர்க்காரர் அங்கிருந்து கற்கலாம். லீவின் கடைசி நாளை விட்டு முதல் நாளில் குட்டியை எடுத்தால், அதோடு இருக்க நாலு நாளாவது கிடைக்கும். அதற்கு வழியில்லாதவர் அடுத்த பண்டிகைவரை பொறுப்பதே மேல். எட்டு வாரம் ஆகாத குட்டியை 'போட்டு விடறேன்' என்று சொல்பவருக்கு முன்பணம் அனுப்பாதவரை பாதி ஆபத்து புறப்படவே இல்லை.