தனிமனித வீரமும் காணாமற்போன மக்களும்

அநீதியை அம்பலப்படுத்தி உயிரிழந்த ஒருவரின் வாழ்வைத் திரையிற் சித்திரிக்க முனையும் கலைஞனுக்கு இரு கடமைகள் உண்டு. அவர் எவ்வாறு மடிந்தார் என்று காட்டுவது ஒன்று. எத்தகைய சமுதாய நிலைமைகளோடு பொருதினார் என்று விளக்குவது மற்றொன்று. ஜோயல் ஷூமாக்கரின் நெறியாள்கையில் 2003இல் வெளிவந்த ‘வெரோனிக்கா கெரின்’ என்னும் படம் முதற்கடமையோடு நின்றுவிடுகின்றது.

கெரின், அயர்லாந்தின் ‘சண்டே இன்டிபென்டன்ற்’ பத்திரிகையில் டப்ளின் நகரப் போதைப்பொருட் கும்பல்களைப் பற்றி எழுதியவர். 1995 ஜனவரியில் அவர் வீட்டிலேயே காலிற் சுடப்பட்டார். அதே ஆண்டு செப்டெம்பரில், கும்பற் தலைவரான ஜோன் கில்லிகன் தம்மைத் தாக்கியதாக முறையிட்டார். 1996 ஜூன் 26ஆம் நாள், வீதிச் சமிக்ஞை விளக்கருகே காரில் இருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார்.

கேற் பிளான்செற்றின் நடிப்பிற் குறை காண்பதற்கில்லை. அச்சத்தைச் சிரிப்பால் மறைக்கும் பெண்ணை அவர் உயிரோடு நிறுத்துகிறார். குறை, படத்தின் நோக்கிலேயே உள்ளது. கொலையை முதலிலேயே காட்டிவிடுவதனால், பின்வருவன யாவும் ஒரு தியாகியின் விதியாகச் சுருங்கிவிடுகின்றன. தீமைக்குச் சில கொடியவர்களே காரணம்; நன்மைக்கு ஒரு வீராங்கனையே காரணம். இதுவே படம் தரும் விளக்கம்.

உண்மை இவ்வளவு எளிதன்று. ஊசிகள் சிதறிய குடியிருப்புகளில் சிறுவர் விளையாடுவதைப் படம் காட்டுகிறது. ஆனால் கெரின் கொலைக் குற்றச்சாட்டிலிருந்து 2001இல் விடுவிக்கப்பட்ட கில்லிகன், அவ்வேளை தண்டிக்கப்பட்டது ஹெரோயினுக்காக அன்று, கஞ்சா கடத்தியமைக்காகவே. துறைமுகத் தொழில் அருகி, வேலையின்மை பெருகிய டப்ளின் தொழிலாளர் குடியிருப்புகளில் ஹெரோயின் 1980களின் தொடக்கத்திலேயே புகுந்துவிட்டது. 1983 முதல் அங்குள்ள பெற்றோர் அமைப்பாகத் திரண்டனர்; விற்பனையாளரின் வாசல்களுக்கு ஊர்வலமாகச் சென்றனர். அவர்களுக்கு அரசிடமிருந்து ஆதரவினும் ஐயமே மிகுதியாகக் கிடைத்தது. படத்தின் இறுதி வாசகங்களோ, கெரினின் மரணத்தின் பின்னரே மக்கள் வீதிக்கு வந்தனர் என்ற எண்ணத்தைத் தருகின்றன. வரலாற்றை ஆக்கியோர் இரங்கற் கூட்டமாகக் குறுக்கப்பட்டுவிட்டனர்.

பத்திரிகை முதலாளியத்தின் பங்கும் இவ்வாறே மழுப்பப்படுகின்றது. ஆபத்தை அறிந்தும் அவரை அப்பணியில் தொடரவிட்ட நிறுவனத்தின் பொறுப்பை எமிலி ஓ’றைலி 1998இல் எழுதிய நூல் வினவியது. விற்பனைப் போட்டிக்கும் நிருபரின் உயிருக்கும் உள்ள தொடர்பைப் படம் ஊன்றி நோக்கவில்லை.

கெரினின் மறைவு வீண்போகவில்லை. குற்றவழிச் சொத்துகளைப் பறிமுதல் செய்யும் சட்டமும் அதற்கான பணியகமும் 1996இலேயே உருவாகின. எனினும் கும்பல்கள் ஒழிந்துவிடவில்லை. 2016 பெப்ரவரியில் டப்ளின் ஹோட்டலொன்றிற் பட்டப்பகலில் நிகழ்ந்த கொலை அதற்குச் சான்று. குற்றவாளிகள் மாறினர், அவர்களை உருவாக்கும் நிலைமைகள் மாறவில்லை.

கெரினை வணங்குமாறு இப்படம் நம்மை வேண்டுகின்றது. அவர் எழுப்பிய வினாக்களைத் தொடர்ந்து எழுப்புமாறு வேண்டியிருப்பின், அதுவே அவருக்குச் செய்த உண்மையான மரியாதையாகும்.