சால்ட் அண்ட் சாஸ், ஹென்?

எடின்பரோ கோட்டை எப்படி இருந்தது என்று கேட்டால் இரண்டு வரியில் சொல்லிவிடுவேன். லீத் வாக்கில் சாப்பிட்ட மீன் எப்படி இருந்தது என்று கேளுங்கள், உங்கள் காபி ஆறிப்போகும்வரை பேசுவேன்.

நகரத்தின் நடுவிலிருந்து லீத் துறைமுகத்தை நோக்கி இறங்குகிற நீளமான தெரு அது. சாயங்காலம் கடலிலிருந்து மூடுபனி ஏறி வந்துகொண்டிருந்தது. அதை அங்கே ‘ஹார்’ என்கிறார்கள். அந்தக் குளிரில் சூடான எண்ணெய் வாசனை வந்தால் கால் தானாகவே திரும்பத்தானே செய்யும்? ஒடுக்கமான கடை, உட்கார நாற்காலி கிடையாது, வாசல்வரை வரிசை. நின்றவர்கள் எல்லாரும் அக்கம்பக்கத்து ஆட்கள். விலைப்பலகையைப் பார்த்தேன். கோட்டைக்குப் பக்கத்து உணவகத்தில் மதியம் நான் கொடுத்ததில் பாதிதான்!

“சிங்கிளா, சப்பரா?” என்றார் கல்லாவில் இருந்த அம்மா. ஸ்காட்லாந்தில் ‘சப்பர்’ என்றால் கூடவே சிப்ஸும் உண்டு என்று அர்த்தம். சப்பர் சொன்னேன்.

நான் சொன்ன பிறகுதான் மீன் மாவுக்குள் போனது. எனக்கு அதுவே பாதி சந்தோஷம். இங்கிலாந்துக்காரர்கள் காட் மீனைக் கொண்டாடுவார்கள், ஸ்காட்லாந்துக்காரர்களுக்கு ஹாடக்தான். வாலைப் பிடித்து மாவில் ஒருமுறை புரட்டி, எண்ணெயில் மெல்லப் படுக்கவிட்டார் பொரிக்கிறவர். மேல்மாவு இறுகி ஓடாகிவிடுகிறது. உள்ளே மீன் தன் ஈரத்தின் ஆவியிலேயே வெந்துவிடுகிறது. எண்ணெயில் கிடந்தும் எண்ணெய் குடிக்காத மீன்!

“சால்ட் அண்ட் சாஸ், ஹென்?”

‘ஹென்’ என்றால் கோழிதான். பெண்களை வாஞ்சையாக அப்படிக் கூப்பிடுவது அந்த ஊர் வழக்கம். முன்பின் தெரியாத ஊரில் அந்த ஒரு சொல்லுக்கே மனசு குளிர்ந்துவிட்டது. சாஸ் என்பது எடின்பரோவுக்கே உரிய சங்கதி. பழுப்பு சாஸில் வினிகரைக் கலந்து நீர்க்க வைத்து, பாட்டிலிலிருந்து தாராளமாகத் தெளிக்கிறார்கள். ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய கிளாஸ்கோவில் உப்பும் வினிகரும்தான் வழக்கம். இதை வைத்து இரண்டு ஊருக்கும் ஓயாத வழக்கு. நான் எடின்பரோ கட்சி, இனி மாற மாட்டேன்.

வெளியே ஒரு மதில் ஓரம் நின்று பொட்டலத்தைப் பிரித்தேன். முதல் கடியில் மொறுமொறு ஓடு உடைந்தது, உள்ளிருந்து ஆவி. மீன் வெள்ளை வெளேரென்று இதழ் இதழாகப் பிரிகிறது, இளம் இனிப்பு. அதன்மேல் அந்தச் சாஸின் புளிப்பும் இனிப்பும் லேசான மசாலா வாசனையும். ஐயோ, என்ன ருசி! புளி போட்டு வளர்ந்த நாக்குக்கு இந்தப் புளிப்பை யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சிப்ஸ் விரல் தடிமன், மொறுமொறுப்பு குறைவு, உள்ளே மாவாகக் கரைகிறது. பொட்டலத்தின் அடியில் சாஸ் ஊறிக் கிடந்த சிப்ஸ்தான் எல்லாவற்றிலும் உசத்தி. அதை யாருக்கும் பங்கு கொடுத்திருக்க மாட்டேன்.

இது உழைக்கிறவர்களின் சாப்பாடாக வளர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இத்தாலிய மலைக்கிராமங்களிலிருந்து பிழைக்க வந்தவர்கள் ஸ்காட்லாந்து முழுக்க ஐஸ்கிரீம் கடையும் மீன் கடையும் போட்டார்கள்; இன்றைக்கும் பல கடைப்பலகைகளில் இத்தாலியக் குடும்பப் பெயர்களைப் பார்க்கலாம். இரண்டாம் உலகப்போரில் இறைச்சியும் வெண்ணெயும் சர்க்கரையும் பங்கீட்டு அட்டைக்குள் போனபோதும் மீனையும் சிப்ஸையும் அரசு பங்கீட்டில் சேர்க்கவில்லை. சேர்க்காதது எவ்வளவு நல்ல காரியம்!

மறுநாள் மதியம் எனக்கு ரயில். பெட்டியை உருட்டிக்கொண்டு, கடை திறக்கிற நேரத்துக்கு வாசலில் போய் நின்றேன். அதே அம்மா. அவர் கேட்பதற்குள் நானே சொல்லிவிட்டேன்: “சப்பர். சால்ட் அண்ட் சாஸ். சாஸ் கொஞ்சம் கூடவே இருக்கட்டும்.”