குக்கீக்குள்ளே சீட்டு: ஏகேபி48 கடல் தாண்டிய கதை

ஏகேபி48 குழுவின் ‘கோய்சுரு ஃபார்ச்சூன் குக்கீ’ பாட்டு 2013 ஆகஸ்டில் ஜப்பானில் வெளியானது. அதே வருஷம் ஜகார்த்தாவில் இருக்கும் தங்கைக் குழுவான ஜேகேடி48 அதை இந்தோனேசிய மொழியில் பாடியது. 2017 டிசம்பரில் பாங்காக்கின் பிஎன்கே48 தாய்லாந்து மொழியில் பாடியது. மெட்டு அதே மெட்டு, நடனம் அதே நடனம். மூன்று நாட்டிலும் ஹிட். இருந்தாலும் வரிசையாகக் கேட்டால் மூன்றும் ஒரே பாட்டு இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வித்தியாசம் தலைப்பிலேயே ஆரம்பிச்சிடுது.

ஃபார்ச்சூன் குக்கீ தெரியும்தானே, மடித்த பிஸ்கட். உடைத்தால் உள்ளே பலன் எழுதிய துண்டுச் சீட்டு இருக்கும். ஜப்பானியத் தலைப்புக்கு ‘காதலிக்கிற ஃபார்ச்சூன் குக்கீ’ என்று குத்துமதிப்பாகப் பொருள் சொல்லலாம். இந்தோனேசிய மொழிபெயர்ப்பில் அதைச் சொல்லுக்குச் சொல் அப்படியே இறக்கிவிட்டார்கள்: ‘ஃபார்ச்சூன் குக்கீ யாங் மென்ச்சிந்தா’. அந்த மொழியில் வழக்கமாக ‘மென்ச்சிந்தாயி’ என்று வரும், யாரை என்றும் பின்னால் சொல்லியாக வேண்டும். இங்கே யாரை என்று சொல்லாமல் வினை அந்தரத்தில் தொங்குகிறது. டப்பிங் படப் பாட்டு கேட்டு வளர்ந்த நமக்கு இந்த ஓசை நன்றாகப் பழக்கம். ஏற்கெனவே தைத்த சட்டைக்குள் ஆளைத் திணிக்கிற ஓசை அது.

தாய்லாந்தில் வேறு வழி. ‘குக்கீ சியாங் தாய்’ என்று வைத்தார்கள். தலைப்பிலிருந்து காதலையே தூக்கிட்டாங்க. ‘சியாங் தாய்’ என்றால் குறி பார்ப்பது, குலுக்கிப் போட்டுப் பலன் பார்ப்பது. கோயிலில் குச்சிகளைக் குலுக்கிப் பலன் தெரிந்துகொள்ளும் ஊரில் அந்தச் சொல்லுக்கு உரை தேவையில்லை. 2018 முழுக்க அந்த நாட்டில் ஐடல் என்றால் என்னவென்றே தெரியாதவர்கள்கூட அந்தப் பாட்டுக்கு ஆடியதற்கு இந்த ஒரு சொல்லும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

ஜப்பானில் அந்தப் பாட்டுக்கு ஒரு முன்கதை உண்டு. நடுவில் நின்று பாடிய சாஷிஹாரா ரினோவின் பழைய காதல் விவகாரம் 2012இல் ஒரு வார இதழில் வந்தது. உடனே அவரை டோக்கியோவிலிருந்து ஃபுகுவோகாவின் எச்கேடி48 குழுவுக்கு மாற்றினார்கள். அடுத்த வருஷமே ரசிகர் தேர்தலில் அவர் முதலிடம் பிடித்தார். அந்த வெற்றிக்குக் கிடைத்த பாட்டுதான் இது. தன்னை யாரும் திரும்பிப் பார்க்காத ஒரு பெண், நாளைக்கு அதிர்ஷ்டம் மாறும் என்று நம்புகிற பாட்டு. அதை அவர் பாடும்போது ஜப்பானிய ரசிகரின் காதில் இந்தக் கதையும் சேர்ந்தே விழும். ஜகார்த்தாவிலும் பாங்காக்கிலும் விழாது. அங்கே போய்ச் சேர்ந்தது மெட்டும் நடனமும்தான். கதையை அந்தந்த ஊரில்தான் புதுசாக உண்டாக்க வேண்டியிருந்தது.

ஐடல் ஃபார்மட்டை ஆசியா முழுக்கக் கொண்டுபோன முயற்சியைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் எந்த நாட்டில் ஓடியது, எந்த நாட்டில் படுத்தது என்றுதான் கணக்குப் போடுகிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகத் தெரிவது வேறொன்று: போன இடத்தில் எதை மாற்ற விட்டார்கள், எதைக் கடைசி வரைக்கும் மாற்ற விடவில்லை?

ஃபார்மட் என்னவென்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாடலாசிரியரும் தயாரிப்பாளருமான அகிமோதோ யாசுஷி 2005 டிசம்பரில் டோக்கியோவின் அகிஹாபாராவில், டோன் கிஹோட்டே கடைக் கட்டடத்தின் 8ஆவது மாடியில், 250 பேர் கொள்ளும் ஒரு சின்ன அரங்கில் இதை ஆரம்பித்தார். டிவியில் மட்டும் தெரிகிற நட்சத்திரம் வேண்டாம், நேரில் போய்ப் பார்க்கக்கூடிய ஐடல் வேண்டும் என்பது யோசனை. தினமும் மேடை. சிடி வாங்கினால் உள்ளே ஒரு சீட்டு, அதைக் கொண்டுபோனால் பிடித்த பெண்ணோடு சில நொடி கைகுலுக்க முடிந்தது. 2009இலிருந்து தேர்தல்: அடுத்த சிங்கிளில் யார் பாடுவது, யார் நடுவில் நிற்பது என்று ரசிகர்கள் வாக்குப் போட்டார்கள். வாக்குச் சீட்டும் சிடிக்குள்ளேதான். நூறு சிடி வாங்கினால் நூறு வாக்கு. அப்புறம், காதலிக்கக் கூடாது என்ற விதி.

தேர்ந்த பாட்டும் கச்சிதமான ஆட்டமும் இங்கே சரக்கு இல்லை. இன்னும் சரியாக ஆட வராத ஒரு பதினைந்து வயதுப் பெண் நம் கண்முன்னால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறி வருவதுதான் சரக்கு. கொரியக் குழுக்கள் இதற்கு நேர் எதிர். வருஷக்கணக்காக உள்ளே பயிற்சி கொடுத்து, முடிந்த பொருளைத்தான் வெளியே காட்டுவார்கள். 2018இல் கொரியாவின் எம்நெட் சேனல் ஏகேபி48 உறுப்பினர்களையும் சேர்த்து ‘புரொடியூஸ் 48’ நடத்தியபோது இந்த இரண்டும் நேருக்கு நேர் மோதின. ஜப்பானில் வருஷக்கணக்காக மேடை ஏறிய பெண்கள் கொரிய நடன ஆசிரியர்கள் முன்னால் புதுமுகங்கள் மாதிரி நின்றார்கள். அங்கேயும் முடிவு ரசிகர் வாக்கில்தான் என்றார்கள். அந்த வாக்கு எண்ணிக்கையே ஜோடிக்கப்பட்டது என்று அடுத்த வருஷம் விசாரணையில் தெரிந்தது, தயாரிப்பாளர் சிறைக்குப் போனார். அகிஹாபாராவில் வாக்கைக் காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்தது, ஆனால் விற்ற வாக்கைத்தான் எண்ணிச் சொன்னார்கள். எது மேல் என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியலை.

ஜகார்த்தாவுக்கு 2011இல் போனார்கள். கடல் தாண்டிய முதல் குழு ஜேகேடி48தான். 2012 செப்டம்பரில் எஃப்எக்ஸ் சுதிர்மான் என்ற மாலின் 4ஆவது மாடியில் சொந்த அரங்கு திறந்தது. என் கணிப்பில் மொத்த ஃபார்மட்டிலும் நன்றாக ஊர் விட்டு ஊர் போனது இந்த அரங்குதான். வேலை முடிந்து, டிராஃபிக் குறையும் வரைக்கும் மாலில் நேரம் கழிக்கிற நகரத்தில், கட்டுப்படியாகும் விலையில் இரண்டு மணி நேரம் நேரடி மேடை. ரசிகர்கள் ‘டைகர், ஃபயர், சைபர்’ என்று அகிஹாபாராவில் கத்துகிற அதே கூச்சலை அப்படியே கத்துகிறார்கள். ‘மென்ச்சிந்தா’ அவர்களை உறுத்தவில்லை. கொஞ்சம் அந்நியமாக ஒலிப்பதுதான் ஜப்பானியப் பொருளின் முத்திரை என்று எடுத்துக்கொண்டார்கள் போல. பாட்டின் ருசி அந்தத் திக்கல்மொழியிலேயே இருப்பதாகவும் சொல்லலாம். எனக்கு உடன்பாடில்லை, ஆனால் அப்படி ரசிக்கிறவர்களை முட்டாள்கள் என்று தள்ளிவிட முடியாது.

தேர்தல்தான் போன இடமெல்லாம் வேறு வேறு அர்த்தம் எடுத்தது. ஜப்பானில் அது ஒரு விளையாட்டுத் திருவிழாவாக இருந்தது. டிவியில் நேரலை, மறுநாள் நாளிதழில் வாக்கு எண்ணிக்கை. அங்கே நிஜத் தேர்தல் ஒழுங்காக நடக்கிறது, அதனால் விளையாட்டுத் தேர்தலை விளையாட்டாகப் பார்க்க முடிந்தது. தாய்லாந்தில் 2014 ராணுவப் புரட்சிக்குப் பிறகு பொதுத்தேர்தல் தள்ளிக்கொண்டே போனது. கடைசியில் 2019 மார்ச் 24இல்தான் நடந்தது. பிஎன்கே48இன் முதல் தேர்தல் அதே 2019, ஜனவரியில். நாட்டுக்கு முன்னால் பாட்டுக் குழுவுக்குத் தேர்தல் நடந்துவிட்டது! அதில் முதலிடம் வந்தவர் குழுத் தலைவி செர்ப்ராங். அதற்கு முந்தின வருஷம்தான் ராணுவ அரசின் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றுக்கு அவரைத் தொகுப்பாளராகப் போட்டார்கள், அதற்காக அவர் நிறையத் திட்டு வாங்கினார். வேதியியல் படித்துக்கொண்டிருந்த ஒரு இருபது சொச்சம் வயதுப் பெண் ஆட்சியின் முகமாக நிற்க வேண்டுமா என்று கேட்டார்கள். கேள்வி நியாயம்தான். ஆனால் அந்த இடத்தில் ‘முடியாது’ என்று சொல்ல அவருக்கு என்ன வசதி இருந்தது என்று கேட்டவர்கள் குறைவு. எல்லாருக்கும் பிடித்தவளாக இரு, யாரையும் பகைக்காதே என்று பழக்கிய ஒரு வேலையிலிருந்து ஆள் எடுத்தால், அரசுக்கு அதைவிட வசதியான முகம் வேறு எங்கே கிடைக்கும்?

ஷாங்காய்க் கதை இன்னும் கூர்மையானது. எஸ்என்எச்48 2012இல் உருவாகி 2013இல் மேடை ஏறியது. 2016இல் அதை நடத்திய சீன நிறுவனம் பெய்ஜிங்கிலும் குவாங்ஜோவிலும் தானாகவே கிளைக் குழுக்களை ஆரம்பிக்க, ஒப்பந்த மீறல் என்று சொல்லி ஏகேபி48 தரப்பு அதைத் தன் தளத்திலிருந்து நீக்கியது. எஸ்என்எச்48 அசரவில்லை. பெயரில் 48ஐ வைத்துக்கொண்டே தனியாக நடந்தது, சொந்தப் பாட்டுகள் போட்டது. வெளியிலிருந்து பார்த்தால் இது ஜப்பானிய மேலாண்மையிலிருந்து கிடைத்த விடுதலை மாதிரி இருக்கும். சரி, விடுதலையான பிறகு எதைத் தூக்கிப் போட்டார்கள்? தேர்தலைப் போடவில்லை. 2016இல் முதலிடம் வந்த ஜு ஜிங்யிக்கு 2 லட்சத்து 30 ஆயிரத்துக்கும் மேல் வாக்கு, அதுவும் தசமப் புள்ளியோடு. புள்ளிக்குப் பின்னால் ஒரு எண் வருகிற வாக்கு எண்ணிக்கையை வேறு எந்தத் தேர்தலில் பார்த்திருக்கிறோம்? வாங்குகிற பொருளுக்குத் தக்க வாக்கின் எடையும் மாறும் என்பதை ஜப்பான்கூட இவ்வளவு வெளிப்படையாகச் சொன்னதில்லை. பாட்டின் உரிமை கைமாறியது. அந்தப் பெண்களின் நிலைமை எந்த விதத்தில் மாறியது என்று தேடிப் பார்த்தால் கையில் பெரிதாக ஒன்றும் சிக்கவில்லை.

‘பிஎன்கே48: கேர்ள்ஸ் டோன்ட் க்ரை’ (2018) ஆவணப்படத்தை இந்த இடத்தில் சொல்ல வேண்டும். இயக்குநர் நவபோல் தம்ரோங்ரத்தனாரிட். ரசிகர்களுக்கான விருந்து என்று நினைத்துப் போனால் ஏமாற்றம்தான். பெரும்பாலும் ஒரு பெண், ஒரு கேமரா, பேச்சு. சிங்கிளுக்குத் தேர்வாகிறவர்கள் ஒரு பக்கம், தேர்வாகாதவர்கள் இன்னொரு பக்கம். அவர்கள் சொல்வதைக் கேட்கக் கேட்க இது பாட்டுக் குழுவைப் பற்றிய படமாகவே தெரியவில்லை. எவ்வளவு உழைத்தாலும் போதுமா என்று யாரும் சொல்லாத ஒரு வேலையிடத்தைப் பற்றிய படம். நன்றாக ஆடினால் தேர்வாகலாமா? தெரியாது. ஃபேஸ்புக்கில் அதிகம் பதிவு போட்டால்? அதுவும் தெரியாது. குழுவின் நிறுவனம் சம்மதித்து எடுத்த படம் இது என்பது அதன் பலவீனமாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். அதுவே இன்னும் சங்கடமாக்குகிறது. தங்கள் பெண்கள் இப்படிக் குழம்பி நிற்பதைக் காட்டலாம், அதுவும் ஒரு சரக்குதான் என்று நிறுவனத்துக்குத் தெரிந்திருக்கிறது.

மணிலாவுக்கு எம்என்எல்48, சைகோனுக்கு எஸ்ஜிஓ48 என்று 2018இல் வரிசையாக வந்தன. சைகோன் குழு 2021 கடைசியில் கலைக்கப்பட்டது. இந்தியாவையும் விடவில்லை. மும்பைக்கு எம்யூபி48, டெல்லிக்கு டிஇஎல்48 என்று அறிவிப்பு வந்தது, பெரிதாக எதுவும் நடக்காமலேயே இரண்டும் நின்றுபோயின. கொரோனா வராவிட்டாலும் இங்கே கஷ்டம்தான் என்பது என் எண்ணம். நம்ம ஊர்களில் பாட்டு சினிமாவோடு கட்டுண்டு கிடக்கிறது. படம் இல்லாமல் ஒரு பெண் பாடி ஆடிப் பேர் வாங்க மேடை குறைவு. அதோடு, காசு கொடுத்து வாங்கிய சீட்டோடு முன்பின் தெரியாத ஆண்கள் வரிசையில் நின்று தங்கள் மகளின் கையைப் பிடிப்பார்கள் என்று எந்த அப்பா அம்மாவிடம் போய் விளக்குவது? இதைக் கலாசாரப் பெருமையாகச் சொல்லவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டிய இடங்களில் ஜப்பானும் உண்டு. 2014இல் இவாத்தே மாவட்டத்தில் கைகுலுக்கல் நிகழ்ச்சியில் ஒருவன் ரம்பத்தோடு வந்து இரண்டு உறுப்பினர்களைக் காயப்படுத்தினான். அதற்குப் பிறகும் கைகுலுக்கல் நிற்கவில்லை, சோதனைதான் கூடியது.

மாற்ற விடாத பட்டியலில் காதல் தடை முதலில் நிற்கிறது. 2013இல் மினெகிஷி மினாமி ஒரு ஆணின் வீட்டிலிருந்து வெளியே வந்த படம் பத்திரிகையில் வந்ததும், தலையை மொட்டையடித்துக்கொண்டு அழுது மன்னிப்புக் கேட்ட வீடியோ உலகம் முழுக்கப் போனது. அதைப் பார்த்த பிறகும் அந்த விதி ஜகார்த்தாவுக்கும் பாங்காக்குக்கும் மாறாமல் போய்ச் சேர்ந்தது. பாட்டின் தலைப்பிலிருந்து காதலை எடுக்க அனுமதி கிடைத்தது, ஒப்பந்தத்தில் காதலை விட அனுமதி இல்லை.

அடுத்தது சொந்தப் பாட்டு. 2011இல் ஆரம்பித்த ஜேகேடி48க்கு முதல் சொந்த சிங்கிள் 2020 ஜனவரியில்தான் வந்தது. ‘ராப்சோடி’ என்று பெயர், எழுதியது லாலெய்ல்மானினோ என்ற இந்தோனேசியக் கூட்டணி. எட்டு வருஷம் கடன் வாங்கிய மெட்டில் பாடிவிட்டு, மொழிபெயர்ப்பு இல்லாத ஒரு வரியை முதல்முறையாகப் பாடுகிறார்கள். கேட்டாலே தெரியும். சொல் எங்கேயும் இடிக்கவில்லை, மூச்சு விடுகிற இடத்தில் வாக்கியம் முடிகிறது. அதே குரல்கள், அதே பெண்கள். இது வந்து சில வாரத்தில் கொரோனா. அரங்கு மூடியது. அடுத்த வருஷம் செலவைக் குறைக்க 20க்கும் மேற்பட்ட உறுப்பினர்களை அனுப்பிவிட்டார்கள். 48 குழுக்களின் அகராதியில் விலகுவதற்கு வழக்கமான சொல் ‘பட்டம் பெறுதல்’. அவர்களுக்கும் அதே சொல்லைத்தான் போட்டார்கள்.