‘சிங்கம் 2’: எதிர்நாயகனின் திட்டமும் கடலின் பொருளியலும்

ஹரி இயக்கிய ‘சிங்கம்’ (2010) திரைப்படத்தின் எதிர்நாயகன் மயில்வாகனத்துக்குச் சென்னையில் ஒரு சமூகத்தளம் இருந்தது. ஆட்கடத்தலே அவன் தொழில். அரசியலும் காவல்துறையும் அவனைத் தாங்கி நின்றன. 2013-இல் வெளிவந்த ‘சிங்கம் 2’ அத்தளத்தை இழந்துவிடுகிறது.

இதில் வரும் டேனி, கடல்வழியே போதைப்பொருள் கடத்தும் சர்வதேசக் கும்பலின் தலைவன். இத்தகைய வாணிபத்தின் வலிமை, தலைவன் கண்ணிற் படாதிருப்பதிலேயே தங்கியுள்ளது. அவனோ தூத்துக்குடியில் தானே வந்து பிடிபடுகிறான். அவனை மீட்க உள்ளூர்க் கூட்டாளிகள் கலவரத்தைத் தூண்டுகின்றனர். மறைக்கவேண்டிய தொடர்பு அதனாலேயே வெளிப்படுகிறது. இதனைத் திரைக்கதையின் கவனக்குறைவு என்று மட்டும் கொள்வது போதாது. சுரண்டலைத் தனிமனிதனின் தீமையாகச் சுருக்கும் படத்துக்கு, கதாநாயகனின் கைக்கு எட்டும் ஓர் உடல் தேவைப்படுகிறது. அவ்வுடல் கறுப்பின அந்நியனுடையதாய் அமைந்ததும் தற்செயலன்று.

தூத்துக்குடியைப் போலவே மன்னார்த் தீவும் இவ்வளைகுடாவின் கரையிலுள்ளது. இங்குள்ள சிறுபடகு மீனவருக்குக் கடல் கடத்தற்பாதையன்று, உற்பத்திக்களம். தமிழகத்து இழுவைப்படகுகள் எல்லை கடந்து வந்து அவர்தம் வலைகளை அறுத்துச் செல்கையில், அங்கு இயங்குவது படகுரிமையாளரின் முதலீடும் ஏற்றுமதி இறாற் சந்தையுமே. படகில் நிற்பவனும் கூலித்தொழிலாளியே. இழுவைமடித் தொழிலை இலங்கை 2017-இல் சட்டத்தால் தடைசெய்த பின்னரும் பிணக்குத் தீரவில்லை; ஒருவனைச் சிறைப்பிடித்துத் தீர்க்கக்கூடிய பிணக்கன்று அது. வணிகத்தில் வென்ற இப்படம் கலைப்படைப்பாக ஏமாற்றமளிப்பதற்கு, தன் கதைக்களமான கடலின் இவ்வுற்பத்தி உறவுகளைக் காண மறுத்தமையே அடிப்படைக் காரணம் எனலாம்.