முடிவில்லா நிரைகள்: மலாக்காவில் இரவையும் நிலத்தையும் படமெடுப்பது

சிவாலயங்களில் கருவறையின் பின்சுவர்க் கோட்டத்தில் நிற்கும் லிங்கோத்பவரை நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்: சிற்பி இறைவனின் பாதத்தைச் செதுக்கியிருக்க மாட்டார். முழங்காலுக்குக் கீழே உருவம் தூணுக்குள் மறைந்துவிடும். மகுடத்தின் உச்சியும் பெரும்பாலும் அப்படியே மறையும். அன்னமாகப் பறந்த பிரமனும் பன்றியாக அகழ்ந்த திருமாலும் காணாத அடிமுடி நம் கண்ணுக்கும் தெரியக்கூடாது என்று சிற்பிகள் வைத்துக்கொண்ட முறை அது. எல்லையற்றதைக் கல்லில் காட்ட வேண்டுமா, இரண்டு முனைகளையும் காட்டாமல் விடு என்றார்கள். மலாக்காவின் தோட்டங்களிலும் கடற்கரையிலும் முக்காலியைத் தூக்கிக்கொண்டு இரவில் அலையும் நம் படக்காரர்களின் வேலையை எடைபோட இதைவிட நல்ல அளவுகோல் எனக்குக் கிடைக்கவில்லை.

இந்தக் கலைக்கு மலாக்கா வாய்ப்பான மாநிலமா என்று சிலர் கேட்பார்கள். இங்கே பாலைவனம் இல்லை, பனிமலை இல்லை. அசஹான் பக்கம் போனால் தெரியும் 1,276 மீட்டர் குனோங் லேடாங்கும் எல்லைக்கு அப்பால் ஜொகூரில் நிற்கிறது. ஆனால் நம்மிடம் நிரை இருக்கிறது. டான் சாய் யான் 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் கித்தாவை வணிகப் பயிராக நட்டார். அடுத்துப் புக்கிட் அசஹானில் பெரிய தோட்டம் எழுந்தது. மலாயாவின் ரப்பர் வணிகம் வேர்விட்ட மண் இது. பின்னால் மாநிலமெங்கும் பரவிய தோட்டங்களில் காடழித்து, கயிறு பிடித்து, நேர்கோட்டில் கன்று வைத்தவர்களில் நம் பாட்டன் பாட்டிமார் நிறையப் பேர். ஒரு நிரையின் நடுவில் நின்றால் இரு பக்கத்து மரங்களும் தூரத்தில் ஒரு புள்ளியில் சேர்வதுபோல் தோன்றும். ஓவியப் பள்ளியில் மறைபுள்ளி என்று பாடம் நடத்துவதை, டைமண்ட் ஜூபிலித் தோட்டத்திலும் செர்காமிலும் பிறந்த பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு நடக்கும் வழியிலேயே பார்த்து வளர்ந்தார்கள்.

நிலக்காட்சியில் நம்மவர்கள் முதலில் கைக்கொண்டது போட்டிப் பாணி. 1950-இல் தோன்றிய ஃபியாப் என்ற அனைத்துலகப் புகைப்படக் கூட்டமைப்பின் ஆதரவோடு நடக்கும் கண்காட்சிகளும், அவற்றை ஒட்டிய உள்ளூர்ச் சங்கப் போட்டிகளும் வளர்த்த பாணி அது. மூடுபனி, மரங்களுக்கிடையே சாய்ந்து விழும் வெயில் கதிர், சைக்கிளில் போகும் ஓர் ஆள். பார்த்தவுடன் மனம் இளகும். என் குறை ஒன்றுதான். அந்தக் கதிர் கண்ணைப் பாதி வழியில் பிடித்து நிறுத்திவிடுகிறது. நிரை போகும் தூரத்துக்குக் கண் போவதில்லை.

இதற்கு எதிர்ப்பள்ளி, ஆன்சல் ஆடம்ஸும் எட்வர்ட் வெஸ்டனும் 1932-இல் கலிபோர்னியாவில் சேர்ந்து அமைத்த எஃப்/64 குழு. துளையை மிகச் சிறியதாக்கி, காலடிக் கல்லிலிருந்து தொலைமலை வரை எல்லாவற்றையும் ஒரே கூர்மையில் நிறுத்தினார்கள். கித்தா நிரைக்கு இது கச்சிதமாகப் பொருந்தும். முன்னால் கம்பியில் தொங்கும் பால் மங்கின் விளிம்பும் கடைசியில் தெரியும் மரமும் ஒருசேரத் துல்லியமாக இருந்தால்தான் நடுவிலுள்ள தூரம் உறைக்கும். தமிழ்நாட்டிலேயே இதற்கு முன்னோடி உண்டு. லின்னேயஸ் டிரைப் 1858-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகளை 21 அச்சுகளாக எடுத்து ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளப் படமாக்கினார். எழுத்து வரி ஓடிக்கொண்டே இருக்கும். பார்ப்பவர் கூடவே நடக்க வேண்டும்.

இனி இரவு. பிப்ரவரி, மார்ச்சில் கித்தா இலையுதிர்க்கும். மற்ற மாதங்களில் கூரைபோல் மூடியிருக்கும் நிரை அந்தச் சில வாரங்கள் வானத்துக்குத் திறந்துவிடும். அதே வாரங்களில்தான் பால்வீதியின் நடுப்பகுதி, தனுசும் விருச்சிகமும் உள்ள அடர்ந்த பகுதி, விடியலுக்கு முன் தென்கிழக்கில் ஏறி நிற்கும். மலேசியக் கடிகாரம் சூரியனைவிட ஒரு மணி நேரத்துக்கு மேல் முந்தி ஓடுவதால், காலை ஐந்தரை மணிக்கும் இங்கே முழு இருட்டு. ஐந்தரை மணி என்பது யாருடைய நேரம்? பிரட்டு (காலைப் பெயரழைப்பு) முடிந்து, நெற்றி விளக்கோடு மரத்துக்குப் போகிறவர்களின் நேரம். இலையில்லாத கிளைகள், அவற்றின் ஊடே பால்வீதி, கீழே வெட்டு விளக்கு: இந்த மூன்றும் ஒரே சட்டத்தில் கூடும் இடங்கள் உலகில் அதிகம் இல்லை.

அப்படி ஒரு படத்தை அருகில் வைத்துப் பாருங்கள். இருபது மில்லிமீட்டர் லென்ஸ், இருபது வினாடித் திறப்பு. விண்மீன்கள் புள்ளியாகவே நிற்கின்றன. ஐந்நூறைக் குவிய நீளத்தால் வகுத்து வரும் வினாடிக்குள் திறப்பை முடித்துக்கொள்ளும் பழைய கணக்கு அதற்குத்தான். கீழே ஆள் தெரியவில்லை, விளக்கு மட்டும் தெரிகிறது. மரத்துக்கு மரம் நகர்ந்தபோது மெல்லிய ஒளிக்கோடு. நின்று வெட்டிய இடத்தில் ஒளி முடிச்சு. அந்த முடிச்சைச் சுற்றி மட்டும் பட்டையின் சாய்வான வெட்டும், அதில் வழியும் வெள்ளைப் பாலும் துலங்குகின்றன. மேலே ஒரு பால்வழி, கீழே ஒரு பால்வழி. முடிவற்றதன் பக்கத்தில் மனிதரின் அளவு நின்றால்தான் முடிவற்றது முடிவற்றதாகத் தெரியும். வெறும் வானத்தை மட்டும் எடுத்த படங்களில் எனக்கு இந்த உணர்வு வந்ததில்லை. ஒரு மரியாதையும் இங்கே உண்டு. வெட்டுக்காரரிடம் முதல் நாளே கேட்டுக்கொள்ள வேண்டும், அவர் முகத்துக்கு நேரே ஃபிளாஷ் அடிக்கக்கூடாது. அவர் கையில் இருப்பது கத்தி.

விண்மீன் தடப் பள்ளியைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் மலாக்காவின் தனித்தன்மை அங்கேதான் இருக்கிறது. தொடர்ந்து நூற்றுக்கணக்கான படங்கள் எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், மணிக்கு 15 பாகை சுழலும் வானம் கோடுகளாக விழும். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் எடுத்த படங்களில் துருவ நட்சத்திரத்தை நடுவாக வைத்து வட்டம் வட்டமாக வரும். அதைப் பார்த்துப் பழகிய கண் இங்கேயும் வட்டத்தையே தேடுகிறது. மலாக்கா நிலநடுக்கோட்டுக்கு வடக்கே இரண்டு பாகையில்தான் இருக்கிறது. துருவ நட்சத்திரம் அடிவானத்துக்கு மேல் அதே இரண்டு பாகையில், மூட்டத்துக்குள் புதைந்து கிடக்கும். சென்னையில் 13 பாகை உயரத்தில் அதைக் காட்டலாம். நம் கல்யாணங்களில் மாப்பிள்ளை பெண்ணுக்குத் துருவனைக் காட்டும் சடங்கு இந்த ஊரில் நம்பிக்கையால் மட்டுமே நிறைவேறுகிறது. அருந்ததியை மட்டும் பருவம் பார்த்தால் காணலாம். தென்துருவமோ அடிவானத்துக்குக் கீழே. அதாவது, இந்த வானத்தின் அடியும் முடியும் நமக்கு மறைக்கப்பட்டிருக்கின்றன.

அதனால் மலாக்காவில் கிழக்கே கேமராவை நிறுத்தி ஒரு மணி நேரம் அடுக்கினால் வருவது வேறு படம். நடுவில் கோடுகள் நிமிர்ந்து நேராக எழும். இடப்பக்கத்தில் வடக்கு நோக்கியும் வலப்பக்கத்தில் தெற்கு நோக்கியும் வளைந்து விலகும். திருவாதிரையும் மிருகசீரிடமும் உள்ள ஓரியன் கூட்டம் நேர்கிழக்கில் எழுந்து ஏறக்குறைய தலைக்கு மேலேயே போகும். அகத்திய நட்சத்திரம் தென்வானில் 35 பாகை உயரம் வரை வரும். திரிசங்கு என்று நம்மவர் சொல்லும் தென்சிலுவையும் ஏப்ரல், மே மாத முன்னிரவில் நன்றாகத் தெரியும். கீழே கித்தா நிரை, மேலே அதே போல நிமிர்ந்து நிற்கும் ஒளி நிரை. வட்டம் எங்கிருந்தாலும் மூடிக்கொள்ளும். இந்த இணைகோடுகள் சட்டத்தைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும். மலாக்காப் படக்காரரின் முடிவிலி இந்த நேர்கோட்டில்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

இதிலிருந்தே தரத்தின் முதல் அளவுகோல் பிறக்கிறது: வானம் அந்த இடத்தின் வானமாக இருக்க வேண்டும். கோயில் கோபுரத்துக்கு மேலே வட்டத் தடங்களின் மையம் நின்றால், அது மலாக்கா வானமாக இருக்க முடியாது. வேறெங்கோ எடுத்ததை ஒட்டியிருக்கிறார்கள். இயற்கைப் பிரிவில் ஃபியாப் போன்ற அமைப்புகள் படத்துக்குள் ஒன்றைச் சேர்ப்பதையும் மாற்றுவதையும் நீக்குவதையும் தடுத்திருக்கின்றன. இரவுப் படங்களுக்கும் நம் போட்டிகளில் அதே கண்டிப்பு வேண்டும். ஆடம்ஸ் நியூ மெக்சிகோவில் எடுத்த ஹெர்னாண்டஸ் நிலவெழுச்சிப் படத்துக்கு அவரே தேதி குறித்து வைக்கவில்லை. பல ஆண்டுகளுக்குப் பிறகு வானியலாளர்கள் நிலவின் இருப்பிடத்தைக் கணக்கிட்டு, 1941 நவம்பர் 1, மாலை 4.49 என்று சொன்னார்கள். அன்று ஒளிமானி கைக்குக் கிடைக்காமல், நிலவின் ஒளியளவு நினைவிலிருந்ததை வைத்து அவர் திறப்பைத் தீர்மானித்தார் என்பது இன்னொரு வியப்பு. அச்சில் வானத்தைக் கறுப்பாக்கினார், நிழலைக் கூட்டினார். நிலவை மட்டும் நகர்த்தவில்லை. எவ்வளவு இருட்டலாம், எவ்வளவு வெளுக்கலாம் என்று கேட்கும் பிள்ளைகளுக்கு இந்த ஒரு படத்தைக் காட்டினால் போதும்.

கடல் பள்ளியைச் சுருக்கமாகவே சொல்கிறேன். ஹிரோஷி சுகிமோட்டோ 1980 முதல் எடுத்த கடற்படங்களில் அடிவானம் சட்டத்தைச் சரிபாதியாகப் பிரிக்கும். கரை இல்லை, கப்பல் இல்லை. அதைப் பின்பற்றி மஸ்ஜிட் தானா கரைகளிலும் கிளேபாங்கிலும் கறுப்பு ஃபில்டர் போட்டுத் தண்ணீரைப் பாலாக்குகிறவர்கள் பலர். மலாக்கா நீரிணை அப்படிப்பட்ட வெறுங்கடல் இல்லை. உலகிலேயே நெரிசல் மிகுந்த கப்பல் வழிகளில் ஒன்று. தஞ்சோங் துவான் கலங்கரை விளக்கத்துக் குன்றில் (நெகிரி செம்பிலானால் சூழப்பட்டாலும் மலாக்காவுக்குச் சொந்தமான நிலம்) நின்று இரண்டு நிமிடத் திறப்பு வைத்தால், கப்பல் விளக்குகள் ஒவ்வொன்றும் படுக்கைக் கோடாகும். அந்தக் கோடுகளை அழிக்காமல் விடுகிற படக்காரர்தான் இந்த நீரிணையை எடுத்தவர்.

கைத்தொழில் பக்கம் இரண்டு சொல். லென்ஸில் முடிவிலிக்கு இடப்படும் ∞ குறி, 1655-இல் ஜான் வாலிஸ் கணக்கில் புகுத்தியது. தானியங்கி லென்ஸ்களில் வளையம் அந்தக் குறியையும் தாண்டித் திரும்பும். குறியை நம்பி நிறுத்தினால் விண்மீன்கள் உப்பிப்போகும். அகத்தியரையோ வேறு பிரகாசமான மீனையோ திரையில் பத்து மடங்கு பெருக்கி, அது மிகச் சிறிய புள்ளியாகும் இடத்தில் வளையத்தை நிறுத்தி, டேப் ஒட்டிவிடுங்கள். அடுத்தது பனி. ஏர்கான் போட்ட காரிலிருந்து கேமராவை நேரே தோட்டத்துக் காற்றில் எடுத்தால் கண்ணாடி வியர்த்துவிடும். பையை மூடியபடியே அரை மணி நேரம் வெளியில் வைத்துவிட்டுப் பிறகு திறக்க வேண்டும். லென்ஸைச் சுற்றிச் சூடேற்றும் பட்டை கட்டினால் விடிய விடிய எடுக்கலாம்.

மாசி மகத்தை இந்த மலரில் விட்டுவிட முடியாது. 1781-ஆம் ஆண்டின் ஸ்ரீ பொய்யாத விநாயகர் ஆலயத்துக்கும் செங் சன்னாசிமலை ஆண்டவர் ஆலயத்துக்கும் இடையே வெள்ளி ரதம் போய்வரும் அந்த நாளில் நிலவு முழுமையாகவோ முழுமைக்கு அருகிலோ இருக்கும். ரதத்தின் விளக்கொளிக்கும் நிலவொளிக்கும் உள்ள ஏற்றத்தாழ்வு மிகப் பெரிது. நிலவு வெள்ளைத் துளையாகிவிடும், அல்லது ரதம் இருண்டுபோகும். நிலவு அடிவானத்தை ஒட்டியிருக்கும் அந்திப் பொழுதில் மட்டுமே இரண்டும் ஒத்துப்போகும். அதற்கான இடமும் நிமிடமும் ஸ்டெல்லேரியம் போன்ற மென்பொருளில் வாரங்களுக்கு முன்பே கிடைத்துவிடும்.

கித்தா குறைந்துகொண்டே போகிறது. பல தோட்டங்களில் இப்போது செம்பனைதான் என்று பார்த்தாலே தெரிகிறது. லயங்கள் காலியாகி, குடும்பங்கள் ஜாசினுக்கும் அலோர் காஜாவுக்கும் ஆயர் குரோவுக்கும் போய்விட்டன. செம்பனையை முக்கோண அமைப்பில், ஏறத்தாழ ஒன்பது மீட்டர் இடைவெளியில் நடுகிறார்கள். அதனால் எந்த மரத்தடியில் நின்றாலும் ஆறு திசைகளில் நிரை திறக்கும், ஆறு மறைபுள்ளிகள். மட்டைகள் வானத்தை மூடிவிடுவதால் அது பகல் படத்துக்கே உரியது. அந்தப் பள்ளி இன்னும் யாராலும் சரியாகத் தொடங்கப்படவில்லை. இலையுதிர்ந்த கித்தாவின் மேலே பால்வீதி நிற்கும் படத்துக்கோ காலம் குறுகிக்கொண்டிருக்கிறது. தாத்தா வெட்டிய தோட்டத்தில் ஒரு நிரையாவது மிச்சமிருந்தால், வருகிற மார்ச் அமாவாசையை ஒட்டி அனுமதி வாங்கிப் போங்கள். அச்சின் பின்புறம் தோட்டத்தின் பெயரையும் பிரிவையும் தேதியையும் நேரத்தையும் பென்சிலால் எழுதி வையுங்கள்.