ராமானுஜனின் வயிறும் ஜானகியின் வெந்நீரும்

2015இல் வந்த ‘தி மேன் ஹூ நியூ இன்ஃபினிட்டி’ படத்தில் கணிதமேதை ராமானுஜன் இருமுகிறார். காசநோய்க்காரர்களுக்குச் சினிமா வழக்கமாகத் தரும் அதே இருமல்தான். கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில் வளர்ந்த அந்த இளைஞருக்கு வயிறு என்று ஒன்று இருந்ததே படத்தில் தெரியாது. இருமலைப் படம்பிடிக்கலாம், அதில் ஒரு சோக அழகுகூட வந்துவிடும். சீதபேதியை யார் படம்பிடிப்பார்கள்?

1906இல், பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்திருந்த 18 வயது ராமானுஜன் சீதபேதியோடு ஊர் திரும்பினார். 1917இல் இங்கிலாந்தில் படுத்தபோது மருத்துவர்கள் முதலில் இரைப்பைப் புண் என்றார்கள், பின்பு காசநோய் என்றார்கள். டி. ஏ. பி. யங் என்ற மருத்துவர் பழைய குறிப்புகளை ஆராய்ந்து, குடலில் தங்கிய அமீபா பிற்பாடு கல்லீரலைத் தாக்கியிருக்கலாம் என்று 1994இல் எழுதினார். உறுதிசெய்ய வழியில்லாத கணிப்புதான். ஆனால் அது சரியென்றால், அன்றைக்கே மருந்திருந்த நோய் அது.

1918இல் லண்டனில் ராமானுஜன் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார். தனிமை, குளிர், சைவச் சாப்பாடு, வீட்டிலிருந்து வராத கடிதங்கள் என்று வாழ்க்கை வரலாறுகள் காரணம் அடுக்குகின்றன. கடைசிக் காரணம் சுற்றிவளைத்து மாமியார் கோமளத்தம்மாளுக்கும் மருமகள் ஜானகிக்கும் இடையிலான சண்டையில் வந்து நிற்கும். பெயர் தெரியாத நோயோடு மாதக்கணக்கில் மருத்துவமனை மாறி மாறிக் கிடப்பது முப்பது வயதுக்காரரின் மனத்தை என்ன செய்யும் என்பதற்கு அவ்வளவு பக்கங்கள் இல்லை. 1991இல் எழுதிய ராபர்ட் கனிகெலுக்கு யங்கின் கட்டுரை கிடைத்திருக்க முடியாது. அவரைக் குறைசொல்ல மாட்டேன். அதற்குப் பின்னும் அதே கதையைச் சொல்பவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. வயிற்றைப் பேசக் கூச்சம். பெண்களின் சண்டையைப் பேச எவருக்கும் கூச்சமில்லை.

1919இல் அவர் திரும்பி வந்தபோது ஜானகிக்கு வயது 20. மணமானது 10 வயதில். சோறு, எலுமிச்சைச் சாறு, மோர் என்று வேளை தவறாமல் கொடுத்ததையும், வலி வந்தபோது காலுக்கும் மார்புக்கும் ஒத்தடம் கொடுத்ததையும் பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். நோயாளியின் மனம் அந்த ஒரு வருடம் எதைப் பிடித்துக்கொண்டு நின்றது என்று கேட்டால் எல்லோரும் கணக்கு என்கிறார்கள். கணக்கும்தான். ஆனால் தன் உடம்பின் நாற்றத்துக்கும் எரிச்சலுக்கும் முகம் சுளிக்காத ஒருவர் பக்கத்தில் இருந்ததும் அதில் சேரும். அப்படி இருந்தவரும் ஒரு இளம்பெண்தான். அவர் எதைப் பிடித்துக்கொண்டு நின்றார்?

நோய் ஜானகிக்கு வந்திருந்தால் என்ற கேள்வி கற்பனை அல்ல. பெருங்குடல் புண் அழற்சியும் குரோன் நோயும் பெரும்பாலும் பதினைந்துக்கும் முப்பத்தைந்துக்கும் இடையில்தான் தொடங்குகின்றன. அடங்கும், திரும்பும், முழுதாகப் போகாது. டெல்டாவில் ‘கொல்லைக்குப் போவது’ என்று சொல்லிப் பழகிய நாக்கு, ஒருநாளில் பத்துமுறை போகவேண்டியிருப்பதை எந்தச் சொல்லில் சொல்லும்? பட்டுக்கோட்டையிலிருந்து தஞ்சாவூருக்குக் கல்லூரி வரும் பெண் காலைச் சாப்பாட்டைத் தவிர்த்துவிட்டுப் பேருந்தேறினால் வீட்டில் அதை ‘டயட்’ என்பார்கள். வரன் பார்க்கும் காலத்தில் மாத்திரை அட்டை அரிசிப் பானைக்குள் போகும். அவளுக்கு ஒத்தடம் கொடுக்க வீட்டில் இருப்பது அம்மா மட்டும்தான். திருமணமானதும் அதுவும் நின்றுபோகும்.

ராமானுஜன் 1920 ஏப்ரல் 26 அன்று இறந்தார். ஜானகி பின்னர் திருவல்லிக்கேணியில் துணி தைத்துப் பிழைத்தார். கணவரைப் பற்றிக் கேட்டு வருபவர்களிடம் சூத்திரங்களைப் பற்றி அவரால் என்ன சொல்ல முடியும்? ஒத்தடத்துக்கு வெந்நீர் வைத்த பாத்திரங்கள் இரண்டு மட்டும் தன்னிடம் மிஞ்சியிருப்பதாகச் சொன்னார்.